வீட்டுப் பணம் வேறு, விசேஷப் பணம் வேறு: செட்டிநாட்டில் புதுக்குடித்தனம் தொடங்குவோருக்கு

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார் வீடுகளில் பிள்ளைக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம் உண்டு. மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பில் வைப்பார்கள். ஓர் ஆண்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளி, எண்ணெய், கைச்செலவுக்கு ஒரு தொகை என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்துவது அவர்கள் பாடு. பெரியவர்கள் வீட்டின் பக்கத்துப் பகுதியில்தான் இருப்பார்கள், தடுமாறினால் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் கணக்கு இளையவர்களுடையது.

பண நிர்வாகத்துக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் அறியேன். இன்று அந்தப் பயிற்சி பலருக்குக் கிடைப்பதில்லை. காரைக்குடியில் வாடகை வீடு, தேவகோட்டையில் மாமனார் வீட்டு மாடி, சென்னையில் இரண்டு அறைக் குடியிருப்பு என்று குடித்தனம் தொடங்கிவிடுகிறது. அளந்து கொடுக்கவும் ஆளில்லை, மிச்சம் எவ்வளவு என்று கேட்கவும் ஆளில்லை. செட்டியார் வீடுகளுக்கு மட்டுமல்ல, ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுபவர், பலகாரம் சுட்டு விற்பவர், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புபவர் என்று இந்தப் பக்கத்தில் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் எல்லாருக்குமாகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் குடும்பங்கள் கடனில் விழுவது பெரும்பாலும் தினச் செலவால் அல்ல. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, அறுபதாம் கல்யாணம், காரியம் என்று விசேஷங்களால்தான். இவற்றில் இறப்பையும் நோயையும் தவிர எதுவும் திடீரென்று வருவதில்லை. பெண் பிறந்த அன்றே சடங்கும் கல்யாணமும் தெரிந்துபோகின்றன. அப்பாவுக்கு அறுபது எப்போது என்று பள்ளிச் சான்றிதழைப் பார்த்தாலே தெரியும். ஆகவே வீட்டுப் பணமும் விசேஷப் பணமும் ஒரே பையில் இருக்கக் கூடாது. இனிச் சொல்லப்போகும் வேலைகள் எல்லாம் இந்தப் பிரிவினையைச் செய்து முடிப்பதற்குத்தான்.

முதல் மாதம்: எழுதுங்கள், குறைக்காதீர்கள்

பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் அன்றன்று நடந்ததைக் குறிப்பில் எழுதினார்கள். அதைப் பேர்வாரியாகப் பேரேட்டில் ஏற்றினார்கள். பிறகு வரவு செலவைக் கூட்டி மொத்த நிலையைக் காட்டும் ஐந்தொகை எடுத்தார்கள். வீட்டுக்கும் இதே மூன்று படிகள் போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். கைப்பேசியில் எழுதுவது பழக்கமென்றால் அதிலேயே எழுதுங்கள். ஆனால் இருவரும் எழுத வேண்டும். ஒருவர் மட்டும் எழுதும் கணக்கு நாளடைவில் மற்றவரை விசாரிக்கும் கணக்காகிவிடும். அதோடு நின்றும் போகும்.

முதல் மாதம் எந்தச் செலவையும் குறைக்க வேண்டாம். காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் வாங்கிய பூ, மாலையில் குடித்த டீ, பெட்ரோல் என்று எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். மாதக் கடைசியில் தலைப்புவாரியாகக் கூட்டுங்கள்.

ஓர் உதாரணம். காரைக்குடியில் ஒரு தம்பதி. கணவருக்குச் சம்பளம் 28,000 ரூபாய், மனைவி தையலில் சம்பாதிப்பது 9,000. மொத்தம் 37,000. வாடகை 7,000. மளிகை, காய்கறி 8,500. பால் 1,800. எரிவாயு, மின்சாரம் 1,800. பெட்ரோல் 2,500. தொலைபேசி, இணையம் 1,000. வண்டித் தவணை 3,200. பெற்றோருக்கு 3,000. இதுவரை 28,800. மீதி 8,200 இருக்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லை. நோட்டைப் புரட்டினால், தின்பண்டம், இணையத்தில் வாங்கியவை, ‘என்னவென்று தெரியாதது’ எல்லாம் சேர்ந்து 3,900. மொய்யும் அதற்காகப் போய்வந்த செலவும் 4,300. கணக்கு எழுதும் பெரும்பாலான வீடுகளில் ஓட்டை இந்த இரண்டு இடங்களில்தான் தெரியவரும். அரிசி, பருப்பில் மிச்சம் பிடிக்கிறேன் என்று மனைவியைப் படுத்துகிற கணவர்கள் இந்தப் பக்கத்தை முதலில் பார்க்க வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பட்டியல் வேண்டும். மாதாமாதம் வராத, ஆனால் கட்டாயம் வரும் செலவுகள் அதில் இருக்கட்டும்: வண்டிக் காப்பீடு, சொத்து வரி, ஜூனில் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, பொங்கல், குலதெய்வம் கோயில் பயணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு. ஆண்டுக்கு எவ்வளவு என்று கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதே உங்கள் உண்மையான மாதச் செலவின் மறைந்திருக்கும் பகுதி.

மூன்று கணக்குகள்

இரண்டாவது மாதத்தில் வங்கிக் கணக்குகளைப் பிரியுங்கள். சம்பளம் வரும் கணக்கு ஒன்று. வாடகை, தவணை, காப்பீடு எல்லாம் அதிலிருந்தே போகட்டும். வீட்டுச் செலவுக்கு இன்னொன்று. கைப்பேசிப் பணப் பரிமாற்றச் செயலியை இந்தக் கணக்கோடு மட்டும் இணையுங்கள். மூன்றாவது விசேஷக் கணக்கு. அதற்குச் செயலியும் வேண்டாம், கையில் அட்டையும் வேண்டாம். அஞ்சலகத் தொடர் வைப்போ சேமிப்புக் கணக்கோ போதும்.

வீட்டுக் கணக்குக்கு மாதப் பணத்தை மொத்தமாக அனுப்பாதீர்கள். வாரம் ஒரு முறை அனுப்புங்கள். மேலே சொன்ன தம்பதிக்கு மளிகை, பால், பெட்ரோல், சில்லறை எல்லாம் சேர்ந்து மாதம் 16,700 ஆகிறது. ஞாயிறு தோறும் 3,500 போட்டால் மாதச் சராசரி 15,000 சொச்சம்தான் வரும். ஆயிரத்தைந்நூறு மிஞ்சும். வியாழக்கிழமை கணக்கில் 400 ரூபாய்தான் இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாகவே நிதானிக்கும். மாதப் பணம் முழுதும் ஒரே இடத்தில் கிடந்தால் இருபதாம் தேதிக்கு முன் இது தெரிவதே இல்லை.

பருவத்தில் வாங்குவதை விட்டுவிடாதீர்கள். தையில் புது அரிசி, மாசி பங்குனியில் புளி, அதையொட்டி ராமநாதபுரத்து முண்டு மிளகாய் என்று வாங்கி, வீட்டு நடுமுற்றமான வளவில் காயவைத்து ஆண்டுக்கும் எடுத்துவைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தரமும் நன்றாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் இதற்கான பணத்தை முன்பே ஒதுக்கியிருக்க வேண்டும். கடன் வாங்கிப் புளி வாங்கினால் மிச்சம் வட்டிக்குப் போய்விடும்.

வண்டித் தவணை முடிகிற மாதத்தை நோட்டில் வட்டமிட்டு வையுங்கள். அடுத்த மாதம் முதல் அதே 3,200, அதே தேதியில் சேமிப்புக்குப் போக வேண்டும். இல்லாமல் வாழப் பழகிய பணம் அது. ஒரு மாதம் கையில் தங்கவிட்டால் செலவோடு ஒட்டிக்கொள்ளும்.

மொய் நோட்டு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். புதுக்குடித்தனக்காரர்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வது மொய்யைத்தான்.

உங்கள் கல்யாணத்தில் 3,40,000 ரூபாய் மொய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது வருமானம் அல்ல, வட்டியில்லாக் கடன். ஒரே நாளில் வந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சிறுசிறு தொகையாகத் திரும்பிப் போகும் கடன். பத்தாண்டில் திருப்புவதாகக் கொண்டால் ஆண்டுக்கு 34,000. அதன்மேல் முறைக்குக் கூட்டிச் செய்வது வேறு. அந்தப் பணத்தில் கார் முன்பணம் கட்டிவிட்டு, மறு ஆண்டு ஆவணியில் ஒரே வாரத்தில் நான்கு அழைப்பிதழ் வந்ததும் நகையை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. மொய்யில் பெரும்பகுதியை வைப்பில் போடுங்கள். அதன் வட்டியும் முதலுமே வருங்கால மொய்க்குப் போகட்டும். கல்யாணச் செலவின் பாக்கியை அடைக்க அதை எடுத்தே ஆகவேண்டுமென்றால், எடுத்த தொகையை விசேஷக் கணக்குக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கியாக எழுதிவையுங்கள்.

கல்யாண மண்டபத்தில் எழுதிய மொய் நோட்டு வந்த வரிசையில் இருக்கும், தேட உதவாது. முதல் மாதத்திலேயே அதை ஊர்வாரியாக, வீட்டுவாரியாக மாற்றி எழுதுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ‘பள்ளத்தூர் பெரியப்பா’ என்றால் எந்தப் பெரியப்பா என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பதிவு இப்படி இருக்கட்டும்:

‘கோட்டையூர் சின்னத்தை வீடு. 2023 தை, எங்கள் கல்யாணம், வந்தது 2,000. 2025 ஆவணி, அவர்கள் பேரன் காதுகுத்து, கொடுத்தது 2,500.’

வந்ததும் போனதும் ஒரே இடத்தில். அழைப்பிதழ் வந்ததும் நோட்டைத் திறந்தால் எவ்வளவு எழுத வேண்டும் என்ற தர்க்கம் வீட்டில் எழாது. புதிய உறவுகளுக்கு ஒரு தொகையைத் தீர்மானித்து, அதை எல்லாருக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் திருப்பிச் செய்ய முடியாத பெருந்தொகையை மற்றவர்கள் எழுதவிடாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. பெரிய மொய் பெரிய பொறுப்பு.

ஆண்டுத் திட்டம் போடும்போது நெருங்கியவர்களைத் தனியாகப் பிரியுங்கள். சாதாரண விசேஷம் 24, சராசரி 750 என்றால் 18,000. தாய்மாமன் சீர் ஒன்று 20,000. துணிமணி, போக்குவரத்து 10,000. மொத்தம் 48,000, மாதம் 4,000. இந்த 4,000 சம்பளம் வந்த அன்றே விசேஷக் கணக்குக்குப் போய்விட்டால், அழைப்பிதழைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையாது. கல்யாண வீட்டில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

கிழக்கே கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். காதுகுத்து, கல்யாணம் என்று காரணம் எதுவும் வேண்டாம்; ஊரைக் கூட்டிக் கறி விருந்து வைத்தாலே மொய் வரும். ஆழ்குழாய்க் கிணறு போட, பிள்ளையைப் படிக்கவைக்க, தொழில் தொடங்க என்று ஒரே நாளில் பெருந்தொகை திரட்டும் வழி அது. அந்தப் பக்கத்தில் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் இந்த வளையத்துக்குள் வந்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான், விளைச்சல் இருக்கும்வரை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு அங்கே மொய் வசூல் குறைந்தது. கொடுத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கை வறண்டுபோனது. வரவேண்டிய மொய்யை நம்பி வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

வட்டியை ஆண்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்

‘ரெண்டு வட்டிதான்’ என்று சொல்லும்போது குறைவாகக் காதில் விழுகிறது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு. ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000. ஐம்பது மாதத்தில் வட்டியாக மட்டும் ஒரு லட்சம் கட்டியிருப்பீர்கள். முதல் அப்படியே நிற்கும்.

தண்டல் இதைவிடக் கொடியது. 10,000 என்று எழுதி 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500தானே போகிறது என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே முதலும் சேர்ந்து திரும்பிக்கொண்டிருக்கிறது. நூறு நாளும் 8,500 உங்களிடம் இருப்பதில்லை. கணக்குப் போட்டால் மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டிக்கு வந்து நிற்கும். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. வெற்றுப் பத்திரத்திலும், தொகை எழுதாத காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்பவர் எத்தனை நெருக்கமானவராக இருந்தாலும்.

சீட்டு கட்டுவதென்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பாருங்கள். பதிவுத்துறையின் முன் அனுமதி ஆணையைக் கேளுங்கள். முறையாக நடத்துபவர் காட்டத் தயங்கமாட்டார். தெருவில் தீபாவளிச் சீட்டுப் பிடிப்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் சீட்டுப் பணத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

நகை

நகை இங்கே பெண்ணின் காப்பு, குடும்பத்தின் அவசரநிதி, கௌரவம் எல்லாம். வாங்கும்போது ஆறு எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறி முத்திரையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. செய்கூலி, சேதாரம் விற்கும்போது திரும்பி வராது. ஆகவே சேமிப்புக்காக வாங்கும் நகை வேலைப்பாடு குறைந்ததாக இருப்பது நல்லது. கடைகளின் 11 மாத நகைச் சீட்டு வைப்பு அல்ல, முன்பணம். வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு அதற்கு இல்லை.

அடகு வைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் வைக்கும் அன்றே எப்படித் திருப்புவது என்று எழுதுங்கள். ஒரு லட்சத்துக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டு முடிவில் 12,000. அதைக் கட்டாமல் வட்டியையும் சேர்த்து மறு அடகு வைத்தால் அடுத்த ஆண்டு வட்டிக்கும் வட்டி. மூன்றாவது முறை மாற்றி வைக்கும்போது, அதில் ஒரு நகையை விற்று மற்றவற்றை மீட்பதே பெரும்பாலும் லாபம். விற்க மனம் வராது என்பதை அறிவேன். ஏலத்தில் எல்லாம் போவதைவிட ஒரு வளையல் போவது மேல். மனைவியின் நகையை வைப்பதானால் ரசீது அவர் பெயரிலும் அவர் கையிலும் இருக்கட்டும்; சட்டப்படி சீதனம் அவருடையது.

மிச்சம் போகும் இடம்

முதலில் மூன்று மாதச் செலவு, உடனே எடுக்கும் நிலையில். அதற்கு முன் வேறெதுவும் வேண்டாம். அடுத்தது காப்பீடு. வங்கிக் கணக்கு வழியே 436 ரூபாய் ஆண்டுச் சந்தாவில் 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடும் தரும் மத்திய அரசுத் திட்டங்கள் இருக்கின்றன, இருவரும் சேருங்கள். சம்பாதிப்பவர் பெயரில் முதிர்வுத் தொகை இல்லாத வெறும் ஆயுள் காப்பீடு தனியே ஒன்று வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மற்றவர்கள் நல்ல உடம்போடு இருக்கும்போதே மருத்துவக் காப்பீடு எடுத்துவிட வேண்டும்.

பிறகுதான் முதலீடு. நம் ஊர் வரலாறு இதில் சொல்லும் பாடம் பெரிது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் சுமார் 6 விழுக்காடு. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், ஈடு வைத்த நிலமே கைக்கு வந்தது. 1938-இல் அது 25 விழுக்காடு. பணமாக இருந்தது நிலமாக உறைந்தது. பிறகு ஜப்பானியப் படையெடுப்பு, பர்மா விடுதலை, நில உடைமைச் சட்டங்கள் என்று வந்து அந்தச் சொத்து பெரும்பாலும் போயிற்று. கெட்டிக்காரத்தனத்தில் அவர்களுக்குக் குறையேதும் இல்லை. ஒரே நாட்டில், ஒரே பயிரை நம்பி, விற்க முடியாத ஒரே பொருளில் அவர்கள் போட்ட பணம் சிக்கிக்கொண்டது.

இன்று நம் பக்கத்தில் நிலமாக உறைவது மனைகளில்தான். வருகிற பணமெல்லாம் புறவழிச் சாலை ஓரத்தில் மனையாகிறது. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூனில் அதை வாங்க ஆள் கிடைப்பதில்லை. மனை வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் சேமிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது என் எண்ணம். அங்கீகாரம், வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப் பத்திரம் நான்கையும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே முன்பணம். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு.

வங்கி வைப்பில் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. அதற்கு மேல் என்றால் வங்கியைப் பிரியுங்கள். வெளிநாடு போகிறவர் இங்குள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். அனுப்பிவைக்கும் முகவர் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதும் அவசியம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான்.

கல்யாணமும் பிள்ளைப்பேறும்

கல்யாணத்தை நடத்துவது பெற்றோர்தான் என்றாலும் கடன் அடைப்பதில் உங்கள் தோளும் சேரும். ஆகவே பேச்சு முடிவாகும்போதே தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரதட்சிணை 1961 முதல் சட்டப்படி குற்றம். முறை என்ற பெயரில் போடும் பட்டியலையும் சுருக்கச் சொல்லும் துணிச்சல் மாப்பிள்ளைக்கு வேண்டும்.

வளவு நிறையச் சாமான் பரப்புவது அழகுதான். ஆனால் அடுக்கடுக்கான எவர்சில்வரும் பிளாஸ்டிக் வாளியும் இரண்டு அறை வீட்டில் பரணில் கிடக்கும். அந்தக் காலத்தில் பெண்ணின் சீதனப் பணம் வட்டிக்கடைகளில் வைப்பாக வட்டிக்கு வளர்ந்தது. ஆச்சிமார் பணம் என்று தனிக் கணக்கே இருந்தது. அந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். சாமான் பட்டியலில் பாதியை எடுத்துவிட்டு, பெண் பெயரில் ஐந்தாண்டு வைப்பாகப் போடச் சொல்லுங்கள். கல்யாணத்தில் வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. ஆனால் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. திருமணத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் கட்டாயம். 90 நாளுக்குள் செய்துவிடுங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 12 வாரத்துக்குள் பதிவு செய்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு வழி கிடைக்கும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெண் குழந்தை என்றால் பத்து வயதுக்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்கு 250 முதல் ஒன்றரை லட்சம் வரை, 15 ஆண்டு கட்டி 21-ஆவது ஆண்டில் முதிர்வு. நகரத்தார் பிள்ளைகளுக்குச் செய்யும் புதுமை விழா, காதுகுத்து, சடங்கு மூன்றுக்கும் விசேஷக் கணக்கில் இப்போதே ஒரு வரி போடுங்கள். எந்த ஆண்டில் என்று எழுதினால்தான் மாதத் தொகை வரும்.

பெற்றோர்

அறுபதாம் கல்யாணம் பிள்ளைகள் செய்வது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் மூன்றாண்டு முன்பே கூடி, ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று பொதுக் கணக்கில் போடத் தொடங்கினால் கடைசி நேரத்தில் மூத்தவர் தலையில் விழாது. பெற்றோர் கையில் ஓய்வுப் பணம் இருந்தால், அறுபது வயதானவர்களுக்கான அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. அந்தப் பணத்தை உங்கள் தொழிலுக்குக் கேட்காதீர்கள்.

உயிலைப் பற்றி எப்படிப் பேசுவது என்று எல்லாரும் தயங்குகிறார்கள். நேராகக் கேட்க வேண்டியதில்லை. “அப்பச்சி, வங்கியில் வாரிசு நியமனம் சரிபார்க்கச் சொல்கிறார்கள். எல்லாக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிவிடலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் அவரே தொடங்கிவிடுவார். 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமனம் பெற்றவர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான்; உரிமை வாரிசுகளுக்கு. ஆகவே உயில் தனியே வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும்.

காலமானால் இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து, சான்றின் பிரதிகள் குறைந்தது பத்து வாங்குங்கள்; எல்லா அலுவலகமும் கேட்கும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மறந்துபோன பழைய வைப்புகளை ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் பெயர் கொடுத்துத் தேடலாம். பத்தாண்டு தொடப்படாத வைப்பு வேறு நிதிக்கு மாற்றப்பட்டிருந்தாலும் வாரிசுகள் கேட்டு வாங்க முடியும். காரியச் செலவை, துக்கத்தில் இருப்பவரிடம் கேட்காமல், உறவில் ஒருவர் பொறுப்பெடுத்து எழுதிவரட்டும்.

ஊர் வீடு

பங்கு வீடு பெருமைதான். ஓடு மாற்றவும் ஒழுக்கு அடைக்கவும் ஆண்டுதோறும் பணம் கேட்கும் பெருமை. உங்கள் பங்கு எவ்வளவு, இதுவரை யார் யார் பராமரிப்புக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த சட்டம், 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. அக்கா தங்கையைக் கேட்காமல் போடும் பாகப்பிரிவினை நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும்.

எல்லாப் பங்காளிகளும் ஊரில் கூடுவது படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான். அந்த நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். பங்குக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தீர்மானித்து, இருவர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கில் போடுங்கள். வீட்டிலுள்ள தூண், கதவு, பீங்கான், பெட்டகம் எல்லாவற்றையும் படமெடுத்துப் பட்டியலிடுங்கள்; காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் வியாபாரி விலை பேச வருவதற்கு முன் அந்தப் பட்டியல் எல்லார் கையிலும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பங்காளி தமக்காக இங்கே கையெழுத்திட யாரையாவது நியமிப்பதானால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.